ஒரு பொட்டலமும் ஒரு டம்ளரும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கோடைக்கால வயிற்றுப்போக்கு பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. குழந்தைக்குப் பேதி என்றால் பதற வேண்டாம், ஒரு ஓ.ஆர்.எஸ். (பேதியில் போகும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு, சர்க்கரைப் பொடி) பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்தால் போதும் என்று அதன் மூன்றாம் பத்தி சொல்கிறது. பதற வேண்டாம் என்றது சரி. மீதியைப் படித்தபிறகுதான் பதற்றம் வருகிறது.

தங்களுக்குத் தெரியாததல்ல, கடையில் ஓ.ஆர்.எஸ். இரண்டு அளவில் கிடைக்கிறது. பெரிய பொட்டலம் 1 லிட்டர் நீருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அதில் இருப்பவை சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9, ஆக மொத்தம் 20.5 கிராம். சுவையூட்டி சேர்ந்தால் சற்றுக் கூடும். சின்னது 200 மி.லி. நீருக்கு, 4 கிராம் சொச்சம். உங்கள் கட்டுரையாளர் எந்தப் பொட்டலத்தைச் சொன்னார், எந்த டம்ளரைச் சொன்னார் என்று கட்டுரையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தாலும் தெரியவில்லை. வீட்டு டம்ளர்கள் 150 மி.லி.யும் உண்டு, 250 மி.லி.யும் உண்டு.

பெரிய பொட்டலத்தை 200 மி.லி. டம்ளரில் கொட்டினால் என்ன ஆகும்? லிட்டருக்கு 75 மில்லிமோல் (வேதியியல் அளவு அலகு) இருக்க வேண்டிய சோடியம், அதாவது உப்பின் முக்கியக் கூறு, 375 ஆகிவிடும். மனித இரத்தத்தில் இருப்பதே 140 வாக்கில்தான். அந்தக் கரைசல் குடலுக்குள் போனால் குடல் நீரை உறிஞ்சாது; உடம்பிலிருந்து நீர் குடலுக்குள் இறங்கும், பேதி கூடும். உப்பு ஏறிய குழந்தைக்குத் தாகம் அடங்காது. "பாவம், எவ்வளவு ஆசையாக் குடிக்குது பாரு" என்று அதே டம்ளரை மறுபடி நிரப்புவார்கள். முதலில் சிடுசிடுப்பு வரும், அப்புறம் மந்தம், அப்புறம் வலிப்பு. மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறவர்கள் சொல்வது "ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் கேக்கலைங்க" என்பதுதான். எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டால்தான் டம்ளர் வெளியே வரும்.

எதிர்த் தவறும் உண்டு. சின்னப் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கலப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஏறக்குறைய வெறும் தண்ணீர். பேதியில் போன உப்பை ஈடுகட்டாது. பெரிய பொட்டலத்தில் பாதியைக் கொட்டி அரை லிட்டரில் கலப்பதும் அவ்வளவு நல்லதல்ல. பொடிகள் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று நம்ப முடியாது. ஒரு பாதியில் உப்பும் மறுபாதியில் சர்க்கரையும் கூடிப்போகலாம். முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கலப்பதே முறை. ஒரு லிட்டர் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டில் எந்த வீட்டில் இல்லை? அதை அளவாக வைத்துக்கொண்டு, கொதித்து ஆறிய நீரைப் பாத்திரத்தில் ஊற்றி, பொடி முழுக்கக் கரையும்வரை கலக்க வேண்டும். கலந்தபின் கொதிக்கவைக்கக் கூடாது. சர்க்கரை, பால், பழச்சாறு எதுவும் சேர்க்கக் கூடாது. 24 மணி நேரம் கழித்து மிச்சமிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். இவ்வளவையும் எழுத உங்களுக்கு ஆறு வரி போதும். அந்தப் பக்கத்தில் எலுமிச்சையின் மகிமைக்கு ஒன்பது வரி ஒதுக்கியிருந்தீர்கள்.

அளவில் என்ன இவ்வளவு கறார் என்று கேட்கலாம். குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டுதான் உள்ளே போகும். அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். கடும் பேதியிலும் இந்த வழி அடைபடுவதில்லை. ஓ.ஆர்.எஸ். முழுவதும் இந்த ஒரு வழியை நம்பியது. அதனால்தான் சோடியம் 75, குளுக்கோஸ் 75 என்று சரிக்குச் சரி வைத்திருக்கிறார்கள். 2002 வரை கரைசலில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்த மொத்த அடர்த்தி லிட்டருக்கு 311 மில்லியாஸ்மோலாக இருந்தது. அதை 245 ஆகக் குறைத்தார்கள். குறைத்ததில் பேதியின் அளவும் வாந்தியும் குறைந்தன. உலகமே இப்படிக் கிராம் கணக்கில் மல்லாடிக்கொண்டிருக்க, நாம் "ஒரு டம்ளர்" என்று முடித்துவிட்டோம்.

கட்டுரைக்கு மேலே போட்டிருந்த படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அட்டைப் பெட்டியில் வரும் ஒரு பழச்சுவைப் பானத்தை அம்மா ஒருவர் உறிஞ்சுகுழலோடு குழந்தையிடம் நீட்டுகிறார். அது ஓ.ஆர்.எஸ். அல்ல. கரைசலில் 100 மி.லி.க்கு 1.35 கிராம் குளுக்கோஸ் இருந்தால், இப்படிப்பட்ட பானங்களில் சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு. அவ்வளவு சர்க்கரையும் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை வளர்க்கும். பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளை ஒட்டவைத்து இவை மருந்துக் கடைகளிலேயே விற்றன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எந்தப் பானத்தின் பெயரிலும் அந்தச் சொல் முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ வரக்கூடாது என்று உத்தரவிட்டது. அந்தச் செய்தியைத் தாங்களும் வெளியிட்டீர்கள். அதே அலுவலகத்தில்தான் இந்தப் படத்தையும் தேர்ந்தெடுத்தார்களா?

எழுதத் தொடங்கியாயிற்று, பழைய பாக்கியையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு இதே பக்கத்தில், பேதி என்றால் உடனே 'டிரிப்ஸ்' ஏற்றுவதே பாதுகாப்பு என்று எழுதினீர்கள். 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பங்கான் அகதிகள் முகாமில் காலரா. ஏற்றுவதற்கான திரவம் தீர்ந்துவிட்டது. மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து கலந்து, நோயாளிகளின் உறவினர்களையே குவளையால் ஊட்டச் சொன்னார். ஏறக்குறைய நூற்றுக்கு 30 ஆக இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது. 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தபோது அவர் உயிரோடு இல்லை. தாங்கள் அதை ஒரு பத்தியில் முடித்துக்கொண்டீர்கள். நீரே உள்ளே இறங்காத குழந்தைக்கும், மயங்கிய குழந்தைக்கும், வாந்தி நிற்காத குழந்தைக்கும் டிரிப்ஸ் வேண்டும்தான். மற்றவர்களுக்குக் கரண்டி போதும்.

அந்தக் கரண்டிக் கணக்கை யாரும் எழுதுவதில்லை. 2 வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மி.லி.; 2 முதல் 10 வயதுவரை 100 முதல் 200 மி.லி. கண் குழிந்து, நாக்கு வறண்டு, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பும் நிலையில் இருந்தால் மருத்துவர் கண்காணிப்பில், எடையில் ஒரு கிலோவுக்கு 75 மி.லி. வீதம் 4 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். 10 கிலோ குழந்தைக்கு 750 மி.லி. ஆகிறது. 5 மி.லி. கரண்டியால் 150 தடவை. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு கரண்டி. புட்டியில் ஊற்றி மடக்மடக்கென்று கொடுத்தால் வாந்திதான் வரும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் நிறுத்திவிட்டு, மறுபடி இன்னும் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். அரசு மருத்துவமனையின் பேதிப் பிரிவு மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கரண்டியோடு நான்கு மணி நேரம் கழிக்கும் அம்மாதான் அங்கே வைத்தியம் செய்கிறார். அவருக்குத் தேவையான ஒரு எண்ணைக்கூடத் தங்கள் கட்டுரை தரவில்லை.

பேதிக்கு ஓ.ஆர்.எஸ்.ஸோடு கொடுக்க வேண்டிய துத்தநாக (ஜிங்க்) மாத்திரை என்ற சொல்லையே காணோம். 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., 2 முதல் 6 மாதம்வரை 10 மி.கி., மொத்தம் 14 நாள். கரண்டியில் வைத்துச் சில சொட்டுத் தாய்ப்பாலோ தண்ணீரோ விட்டால் கரைந்துவிடும். மூன்றாம் நாள் பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் பேதி திரும்பாமல் இருக்கத்தான் மிச்ச நாள்கள். அதற்குப் பதிலாக, பேதியை "உடனே கட்டும்" மாத்திரையைப் பெட்டிச் செய்தியில் போட்டிருக்கிறீர்கள். குடலின் அசைவைப் பிடித்து நிறுத்தும் அந்த மாத்திரையைச் சிறு குழந்தைக்குக் கொடுத்தால் வயிறு உப்பிக் குடல் முடங்கும். பச்சைக் குழந்தைகளுக்கு வரும் பேதி பெரும்பாலும் வைரஸால் வருவது; மலத்தில் இரத்தம், காலரா போன்ற நிலை தவிர ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். 6, 10, 14ஆம் வாரங்களில் பேதி தரும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்து இலவசம் என்று ஒரு வரி? அந்த மருந்தை ஆராய்ந்த இடங்களில் வேலூரும் ஒன்று, ஆசிரியர் அவர்களே.

பேதிக்காரக் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்து, சோற்றை நிறுத்து என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத் தாங்களும் "குடலுக்கு ஓய்வு" என்று நாகரிகமாகச் சொல்லியிருக்கிறீர்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் மோரும் வாழைப்பழமும் கொடுக்கலாம், தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் போதாது. அதை மட்டும் நம்பக் கூடாது. பொட்டலம் கிடைக்காத இரவுக்கு: 1 லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கையால் அள்ளிப் போடும் "ஒரு சிட்டிகை, ஒரு கைப்பிடி" கணக்கு வேண்டாம்.

தாங்கள் செய்ய வேண்டியது பெரிதல்ல. வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரி: "பெரிய பொட்டலம் 1 லிட்டர் நீரில்; சின்னப் பொட்டலம் 200 மி.லி. நீரில், பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவைப் பார்க்கவும்." கடைசிப் பக்கத்து மூலையில், பொடி எழுத்தில், 'திருத்தம்' என்று போட்டால் கட்டுரையைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டியவர்கள் கண்ணில் படாது.

இப்படிக்கு,
மருந்தாளுநர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பி.கு.: அந்தக் கட்டுரைக்குக் கீழேயே அதே வகைப் பானம் ஒன்றின் கால் பக்க விளம்பரம் இருந்தது. தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.