கண்டென்சர் விலையைத் தனியா சொல்லுங்க, கூலியைத் தனியா கேளுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

அப்பா 1991ல வாங்குன ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இன்னும் எங்க வீட்டுல ஓடிட்டு இருக்கு. போன மாசம் திடீர்னு ஸ்விட்ச் போட்டதும் ரெண்டு ஸ்பீக்கர்லயும் உர்ர்ர்னு ஒரே இரைச்சல், வால்யூமை சுத்தமா குறைச்சாலும் அது மட்டும் அப்படியே நிக்குது. சர்வீஸ் கடைக்கு தூக்கிட்டுப் போனேன், மூடியைத் திறந்து ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு "மொத்த கண்டென்சரும் போச்சு சார், 32 இருக்கு, ஒண்ணுக்கு 200 ரூபா, 6,400 ஆகும்"னு சொல்லிட்டாங்க. கண்டென்சர்னா செட்டுக்குள்ள கரண்டைத் தேக்கி வச்சுக் குடுக்குற பார்ட். மீட்டர் எடுத்து ஒண்ணைக்கூட டெஸ்ட் பண்ணல. அந்தக் காசுக்கு புதுசே வாங்கிடலாமேன்னு வீட்டுல சொன்னாங்க, எனக்கு மனசு வரல.

அப்புறம் எங்க ஏரியாவுல டிவி, ரேடியோ பார்க்குற பழைய மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டு போனேன். வால்யூம் ஜீரோல வச்சாலும் இரைச்சல் வருதுன்னா முதல்ல பவர் சப்ளை ஃபில்டர் கண்டென்சரைத்தான் பார்க்கணும்னாரு. நம்ம லைன் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஏசியை டிசி ஆக்குற பிரிட்ஜ் டையோடைத் தாண்டினா அது 100 ஹெர்ட்ஸ் அலையா வருது, அதை சமப்படுத்துறதுதான் அந்த கண்டென்சரோட வேலை, உள்ள இருக்குற திரவம் காய்ஞ்சு போச்சுன்னா அந்த அலை அப்படியே ஸ்பீக்கருக்கு போயிடுதுன்னு விளக்கினாரு. டார்ச் அடிச்சு காட்டுனாரு, பெரிய 4700 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் ரெண்டுலயும் தலை உப்பி, மேல இருக்குற சிலுவைக் கோடு லேசா பிளந்து இருந்துச்சு. அடியில பழுப்பா ஏதோ ஒட்டியிருந்துச்சு, லீக்கான்னு கேட்டேன், இல்ல, அது கம்பெனியில ஆடாம இருக்க வச்ச பசை, இதையே லீக்னு சொல்லி காசு வாங்குறவங்களும் உண்டுன்னாரு. பசை பழசானாலும் போர்டை அரிக்கும்னு அதையும் சுரண்டி எடுத்தாரு.

கணக்கு இதுதான். பெரிய கண்டென்சர் ரெண்டு, ஒண்ணு 90 ரூபா. சின்னது நாலு, ஒண்ணு 5 ரூபா. மொத்தம் 200 ரூபாதான் பார்ட்ஸ். ரெண்டு மணி நேரம் குனிஞ்சு உக்காந்து, உள்ள நிக்கிற சார்ஜை முதல்ல இறக்கி (பிளக்கைப் பிடுங்கினாலும் ஷாக் அடிக்கும், வீட்டுல யாரும் கை வைக்காதீங்க), பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, பிளஸ் மைனஸ் பார்த்து மாட்டுனதுக்கு அவர் கேட்டது 300 ரூபா. நான் கூலியா மட்டும் 500 குடுத்தேன், அதுவும் கம்மின்னுதான் இப்பவும் நினைக்கிறேன்.

என் ஆதங்கமே இதுலதான் இருக்கு. கடைக்காரங்களுக்கு வாடகை, கரண்ட் பில்லு, ஆள் சம்பளம் எல்லாம் இருக்கு, கூலி 1,500னு நேரா கேட்டா நியாயம்னு குடுத்துருப்பேன். அஞ்சு ரூபா பொருளை 200ன்னு எழுதி, கெடாததையும் சேர்த்து மாத்துறேன்னா எப்படிங்க? சின்னச் சின்ன சதுரமா இருக்குற ஃபிலிம் கண்டென்சர்ல காயறதுக்கு திரவமே கிடையாது, அதையும் அந்த 32ல சேர்த்துத்தான் எண்ணியிருந்தாங்க. இப்படி விலை சொல்லியே எத்தனையோ நல்ல செட்டு பழைய இரும்புக் கடைக்குப் போகுது, கை வேலை தெரிஞ்ச மெக்கானிக்குக்கும் வேலை இல்லாம போகுது.

இன்னொண்ணு, மாத்தும்போது 105 டிகிரி சூடு வரைக்கும் தாங்கும்னு மேல போட்டதா கேட்டு வாங்குங்க, 85 டிகிரிக்கும் அதுக்கும் விலை வித்தியாசம் ரொம்ப இல்ல. சூடு 10 டிகிரி குறைஞ்சா ஆயுள் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும், நம்ம ஊரு சித்திரை வெயில்ல கண்ணாடி அலமாரிக்குள்ள செட்டை அடைச்சு வச்சா என்ன ஆகும்னு யோசிங்க. வோல்ட் 50 இருந்த இடத்துல 63 போடலாம், 35 போடக்கூடாது. பெரிய டப்பாவுக்குள்ள சின்ன கண்டென்சரை வச்சு அடைச்ச போலியும் மார்க்கெட்ல சுத்துது, கையில எடுத்தா எடையே இருக்காது.

மத்திய அரசு நுகர்வோர் விவகாரத் துறை 2022ல பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சாங்க, வீட்டு உபயோகப் பொருளும் அதுல வருது. அதோட, நம்ம ஊரு சர்வீஸ் கடை பில்லுல பார்ட்ஸ் விலை ஒரு வரி, கூலி ஒரு வரின்னு தனித்தனியா எழுதணும், கழட்டுன பழைய பார்ட்ஸை ஒரு கவர்ல போட்டு நம்ம கையிலயே குடுக்கணும்னு கட்டாயம் ஆக்கணும். உங்க பேப்பர்ல இதை எழுதுங்க ஐயா. அண்ணன் கழட்டிக் குடுத்த அந்த உப்புன கண்டென்சர் ரெண்டையும் நான் பத்திரமா வச்சிருக்கேன், யாரு கேட்டாலும் காட்டுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி