சத்தத்தைக் குறைக்க வேண்டாம்

தஞ்சாவூர்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

நீ பொங்கலுக்கு வந்திருந்தபோது ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தேன். மாடியில் உன் அறையிலிருந்து கித்தார் சத்தம் வந்தது. கூடவே ஒரு ஆள், பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல அவ்வளவு மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தான். படியேறி வந்து நின்றேன். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திவிட்டாய். "ஒண்ணுமில்லம்மா, நீ போய்ப் படு" என்றாய். மறுநாளிலிருந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் கேட்டாய்.

நீ ஊருக்குப் போன பிறகு, அது என்ன பாட்டு என்று போனில் கேட்டேன். நிக் ட்ரேக், 'பிங்க் மூன்', 1972 என்று மட்டும் எழுதி, கேட்பதற்கு லிங்க்கும் அனுப்பினாய். அந்த இங்கிலாந்துப் பாடகனின் அந்த ஆல்பத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

முதலில் நான் பயந்துபோனேன். அதை மறைக்க விரும்பவில்லை. சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டேன். மொத்தம் 11 பாட்டு, 28 நிமிஷம். குக்கர் அடங்குவதற்குள் ஆல்பமே முடிந்துவிட்டது. அப்புறம் அந்தப் பையனைப் பற்றிப் படித்தேன். மனச்சோர்வு, ஆஸ்பத்திரி, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த வருஷங்கள். 1974 நவம்பரில், 26 வயதில் போய்விட்டான். உனக்கு வருகிற ஆனியில் 27 முடிகிறது. அன்று முழுக்க எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. என் பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு ஏன் இதைக் கேட்கிறான் என்ற ஒரே கேள்விதான்.

அதற்குப் பிறகு மூன்று வாரமாக விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டுகளைப் பார்த்துப் பயம் இல்லை.

எனக்குத் தெரிந்த வழியில், தந்தி வழியாகவே உள்ளே போனேன். இத்தனை வருஷம் வீணை சொல்லிக் கொடுத்தவளுக்கு வேறு எந்த வழி தெரியும்? தலைப்புப் பாட்டுக்கு அவன் ஆறு தந்தியையும் வேறு மாதிரி சுருதி கூட்டியிருக்கிறான் என்று நீதானே சொன்னாய். மேற்கத்திய ஸ்வரப் பெயரில் கீழேயிருந்து சி, ஜி, சி, எஃப், சி, ஈ. நான் அதை நம் கணக்கில் எழுதிப் பார்த்தேன். ச, ப, ச, ம, ச, க. பார்த்ததும் சிரித்துவிட்டேன். கீழ் மூன்றும் நம் தம்பூரா வீட்டுப் பிள்ளைகள். மேலே ஒரு சுத்த மத்யமமும் அந்தர காந்தாரமும். விரலே வைக்காமல் வெறும் தந்தியை வருடினாலே ஒரு பாட்டுக்கான இடம் அதில் வந்துவிடுகிறது. வழக்கமாக ஈ ஸ்வரத்தில் நிற்கும் தடித்த தந்தியை நாலு படி இறக்கி சி-யில் தளர விட்டிருக்கிறான். அதனால்தான் அது அதிராமல், ஒரு பெருமூச்சு மாதிரி விழுகிறது. பிறகு கித்தார் கழுத்தின் இரண்டாம் மெட்டில், எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டு மொத்தச் சுருதியையும் ஏற்றிக்கொள்கிறான்.

நம் வீணையில் எந்த ராகம் வாசித்தாலும் தந்தி பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். விரலும், ஸ்வரத்தை அசைக்கும் கமகமும் பார்த்துக்கொள்ளும். அவனோ பல பாட்டுகளுக்கு வாத்தியத்தையே வேறாக மாற்றிக்கொண்டான். மேடையில் அதுவே அவனுக்கு வினையாகப் போயிருக்கிறது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குச் சுருதி கூட்டும் வரை ஒரு வார்த்தை பேசாமல் தலை குனிந்து முறுக்காணியைத் திருகிக்கொண்டிருப்பானாம். ஜனங்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு கச்சேரி செய்வதையே விட்டுவிட்டான். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சடைத்தது. பிரகாரத்தில் வாசிக்கும்போது தந்தி இறங்கி, கூட்டம் சலசலக்க, கை வியர்த்து உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கும் உண்டு. எனக்குப் பக்கத்தில் மிருதங்கக்காரர் இருந்தார், தம்பூரா இருந்தது. அவனுக்கு ஒரு ஸ்டூலும் ஒரு மைக்கும்தான்.

'பிங்க் மூனுக்கு' முந்திய அவனுடைய இரண்டு ஆல்பங்களையும் கேட்டேன். முதலாவதில் வயலின்கள் அழகாக வருகின்றன. பெரும்பாலும் அவனுடைய கேம்பிரிட்ஜ் நண்பர் ராபர்ட் கிர்பி எழுதிக் கொடுத்தவை. இரண்டாவதில் டிரம்ஸ், பித்தளை வாத்தியம் எல்லாம் சேர்ந்துகொண்டன. நல்ல வேலைதான், ஆனால் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. விருந்துக்கு வந்த கூட்டத்தில் வீட்டுப் பிள்ளையைத் தேடுகிற மாதிரி இருந்தது. மூன்றாவதில் எல்லோரையும் அனுப்பிவிட்டான். 1971 அக்டோபரில், லண்டனில் செல்சீ பகுதியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவில், இரண்டே ராத்திரியில் பதிவு. ஸ்டுடியோவின் வழக்கமான வேலை முடிந்த பிறகு, ஏறக்குறைய 11 மணிக்கு மேல். உள்ளே அவனும் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டும் மட்டும். குரல், கித்தார். தலைப்புப் பாட்டில் மட்டும் நடுவே கொஞ்சம் பியானோ, அதையும் அவனே வாசித்திருக்கிறான். இதற்கு மேல் என்ன சேர்க்கலாம் என்று கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்றானாம்.

அந்தப் பியானோவுக்கு ஒரு கதை இருக்கிறது, தம்பி. நான் அங்கேதான் நின்றுவிட்டேன்.

அவன் அம்மா மாலி ட்ரேக்கும் பாட்டு எழுதியவர். 1950களில் வார்விக்‌ஷரில் டான்வொர்த் என்ற கிராமத்து வீட்டில் பியானோவில் உட்கார்ந்து தானே எழுதித் தானே பாடியதை, அவர் கணவர் ராட்னி வீட்டு டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்திருக்கிறார். அம்மா மறைந்து இருபது வருஷம் கழித்து, 2013இல் அவை ஆல்பமாக வெளிவந்தன. கேட்டுப் பார். ஜன்னல் ஓரத்தில் மாலை வெயில் சரிவதுபோன்ற குரல். சந்தோஷத்தைப் பற்றிப் பாடும்போதே அது எழுந்து போகப் போகிறது என்று தெரிந்தவர் பாடுவது. சுரம் எதிர்பாராத இடத்தில் படியிறங்குகிறது, அதேபோல் மகனும் இறங்குகிறான். பள்ளிக்கூடத்திலோ லண்டனிலோ அவன் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. அம்மா பியானோ வாசிக்கும்போது தரையில் விளையாடிக்கொண்டிருந்திருப்பான், அவ்வளவுதான்.

இன்னொன்று. நிக் பிறந்தது 1948இல், ரங்கூனில். அப்பா அங்கே தேக்கு மரக் கம்பெனியில் இன்ஜினியர். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது மாலி தப்பி டெல்லி வந்து சேர்ந்தார். அக்கா தங்கை இருவருமாக அகில இந்திய வானொலியில் பாடியிருக்கிறார்கள். அதே வருஷம்தான் உன் தாத்தாவும் ரங்கூனை விட்டுக் கிளம்பினார். பன்னிரண்டு வயது, காலில் செருப்பில்லாமல் மலை வழியாக நடந்து வந்தவர். அவர்கள் வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரி குடும்பம், வந்த வழியும் வேறு, போய்ச் சேர்ந்த இடமும் வேறு. அதைச் சமமாக்கிப் பேச மாட்டேன். ஆனாலும் தாத்தா சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ரங்கூன் மழையைப் பற்றிச் சொல்லும்போது வரும் ஒரு குரல் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? திரும்பிப் போக முடியாத இடத்தைப் பற்றிப் புகார் இல்லாமல் பேசுகிற குரல். மாலி பாடியதைக் கேட்டபோது அதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆல்பத்துக்கு வருகிறேன். தலைப்புப் பாட்டில் இளஞ்சிவப்பு நிலா வருகிறது, யாரையும் விடாது என்கிறான். எனக்குக் கிரகணம்தான் தோன்றியது. ஆனால் எவ்வளவு அமைதியாகச் சொல்கிறான் பார், பால்காரர் வருகிறார் என்று சொல்வதுபோல. சாலையைப் பற்றிய பாட்டில், நட்சத்திரம் வரை கொண்டுபோகும் சாலையில் நீ போ, என்னைக் கரை சேர்க்கும் சாலை எனக்குப் போதும் என்கிறான். இதைப் பாடியவனைத் தோற்றுப்போனவன் என்று எப்படிச் சொல்வது? எவ்வளவு கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்டிருக்கிறான்.

என்னை அடித்துப் போட்டது ஏழாவது பாட்டு. நாலே வரி. ஒரே கித்தார் அசைவு திரும்பத் திரும்ப. ஹம்மிங். உன்மேல் எனக்கு அன்பு உண்டு என்று தெரிந்துகொள், எனக்கு அக்கறை இல்லை என்றும் தெரிந்துகொள், உன்னைப் பார்க்கிறேன், ஆனால் நான் அங்கே இல்லை. இந்த மாதிரி. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிள்ளையின் அம்மா இதை எப்படிக் கேட்பாள் என்று யோசித்துப் பார். வீடியோ காலில் "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், வேலை இருக்கு" என்கிற உன் முகத்தில் சில நாள் இந்த நாலு வரிதான் இருக்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. அப்பா போன பிறகு என் முகத்திலும் அதுதான் இருந்தது, நீயும் பார்த்திருப்பாய்.

அப்பா போனதிலிருந்து மூன்று வருஷமாக நான் வீணையை எடுக்கவில்லை. கை வலி என்று சொன்னேன். கை வலி இல்லை. எடுத்தால் முகாரியோ நாதநாமக்ரியாவோ மாதிரி அழுகை ராகம்தான் வரும், நீ கேட்டால் கலங்குவாய் என்று உறை போட்டு மூடி வைத்தேன். நீ ஹெட்போன் மாட்டிக்கொண்டாய், நான் உறை போட்டேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அழுதிருக்கிறோம். மாலி அப்படிச் செய்யவில்லை. தன் துக்கத்தைப் பியானோவில் எல்லோர் காதிலும் விழ வாசித்துவிட்டு எழுந்து போய் டீ போட்டிருப்பார். அதனால் மட்டும் பிள்ளையைக் காப்பாற்ற முடிந்துவிடவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பாட ஒரு மொழி கிடைத்தது.

அவன் உயிரோடு இருந்தவரை மூன்று ஆல்பமும் சில ஆயிரம் பிரதிகளுக்கு மேல் போகவில்லை. 1999இல் ஒரு கார் விளம்பரத்தில் தலைப்புப் பாட்டு வந்த பிறகுதான் ஊர் உலகத்துக்கே தெரிந்தது. அதற்கெல்லாம் முன்பே, மகனைத் தேடி முன்பின் தெரியாத பிள்ளைகள் அந்தக் கிராமத்து வீட்டு வாசலில் வந்து நின்றபோது, பெற்றவர்கள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்கிறார்கள். அவன் அறையைக் காட்டியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய மனசு வேண்டும் அதற்கு.

டான்வொர்த் உன் பர்மிங்காமிலிருந்து அதிக தூரமில்லை. போன மாதம் நீ அங்கே போய் வந்ததாகச் சொல்லி, மாதா கோயில் தோட்டத்துக் கருவாலி மரத்தடிக் கல்லைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். கல்லின் பின்பக்கம் பொறித்திருப்பது இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு வரி, இப்போது நாம் எழுகிறோம், எங்கும் இருக்கிறோம் என்பது. அந்தப் பாட்டைத் தனியாகக் கேட்டிருக்கிறாயா? பொழுது விடிவதைப் பற்றியது. பத்துப் பாட்டு ராத்திரியில் நடந்துவிட்டு, கடைசியில் விடியலில் கொண்டுவந்து நிறுத்துகிறான். விரல் அப்படித் துள்ளுகிறது. ஆகவே, கேட்டால் முழுசாகக் கேள். பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போகாதே.

வெள்ளிக்கிழமை வீணையின் உறையைப் பிரித்தேன். இரண்டு தந்தி துருப்பிடித்திருந்தது, தெற்கு வீதிக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். ஒரு மெட்டில் மெழுகு விட்டிருக்கிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். முதல் தந்தியான சாரணியை அவனைப் போலத் தளர்த்திப் பார்த்தேன், சரிப்படவில்லை, கொரகொரவென்றது. திரும்ப ஏற்றி முகாரியே வாசித்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வாசித்தேன். எதிர்வீட்டு அத்தை வந்து ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

இரண்டாவது பாட்டில் கட்டைவிரல் தனியாக நடக்க, மற்ற விரல்கள் தனியாகப் பேசுகின்றனவே, அது எப்படி என்று அடுத்த முறை வரும்போது எனக்குக் காட்டு. கித்தாரைக் கொண்டு வா. மாடியில் வேண்டாம், கூடத்தில் வாசி.

அங்கே ராத்திரி இரண்டு மணி என்றால் இங்கே காலை ஏழரை. முதல் டிகாஷன் இறங்கியிருக்கும், நான் வீணைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். போன் பக்கத்திலேயே இருக்கும்.

அன்புடன்,
அம்மா