எப்போது முடிவு செய்தாய்?

மனநல ஆலோசகர்களுக்கு வணக்கம்.

19 வயதில் உங்களில் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். "ஆண்களைத்தான் பிடிக்கும் என்று எப்போது முடிவு செய்தாய்?" என்றார். திருதிருவென்று விழித்தேன். மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிட்டு, தப்பான நினைப்பு வரும்போதெல்லாம் இழுத்து விடச் சொன்னார். இரண்டு வாரத்தில் தோல் கன்றிப்போனது. நினைப்பு குறையவில்லை, ரப்பர் பேண்டைப் பார்த்தாலே வர ஆரம்பித்ததுதான் வேடிக்கை.

சரி, முடிவு செய்யவில்லை என்றால் பிறவிக்குணமா? எங்கள் தரப்பில் பேசுகிறவர்களும் இங்கேதான் அவசரப்படுகிறோம். 2019-இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ 4.7 லட்சம் பேரின் மரபணுத் தகவல்களை அலசியது. தன்பால் உறவை முடிவுசெய்யும் ஒற்றை மரபணு எதுவும் அதில் அகப்படவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வகிக்கும் பல மரபணுக்களும், அவற்றுக்கு வெளியே உள்ள காரணங்களும் கலந்திருந்தன. உடனே, "அப்படியானால் தேர்வுதானே!" என்று சிலர் கிளம்பினார்கள்.

தாய்மொழியை யாரும் மரபணுவில் கொண்டுவருவதில்லை. உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஆனாலும் கால் இடறினால் வாயில் வருவது அதுதான். பிறவியும் இல்லாமல் விருப்பமும் இல்லாமல் நமக்குள் வேரூன்றியவை எத்தனையோ உண்டு. சிலருக்கு ஈர்ப்பு வயதோடு தானாக நகர்வதும் உண்டு. நகர்வது வேறு, நகர்த்துவது வேறு.

நகர்த்த முடியும் என்று நம்பிய பெரிய மனிதர் ஒருவர் உங்கள் துறையிலேயே இருந்தார். 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியபோது முன்னின்ற ராபர்ட் ஸ்பிட்சர்தான் அவர். 200 பேரிடம் தொலைபேசியில் பேசி, மாறியதாக அவர்கள் சொன்னதை வைத்து 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 2012-இல் அதற்காக வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். அந்த நேர்மை உங்களுக்கும் வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தவையும் உண்டு: யாரிடம் சொல்வது, யாரோடு வாழ்வது. ஒரு பேச்சுக்கு, ஈர்ப்பையே நான் தேர்ந்தெடுத்ததாக வைத்துக்கொள்வோம். மதம் மாறுவதும் தேர்வுதான். அதற்கு யாரும் சிகிச்சை எழுதிக் கொடுப்பதில்லையே.

அடுத்து ஒரு பையன் வந்து உட்கார்ந்தால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். நான் அன்று வந்ததே அதற்காகத்தான்.