ஐம்பது காசு அட்டை ஒன்று போடுங்கள்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கையை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஒரு சிறிய ஊரில் ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் வைத்திருப்பவன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஜூன் கடைசி வரை எனக்குச் சீசன். இணையவழி விண்ணப்பத்தால் என் கடைக்கு வருமானம்தானே தவிர நஷ்டம் எதுவும் இல்லை. ஆகவே இந்தக் கடிதத்தில் சொந்த ஆதாயம் ஒளிந்திருக்குமோ என்ற சந்தேகம் உங்களுக்கு வேண்டாம்.

கேட்பது ஒன்றுதான். கலந்தாய்வுக்கு ஒரு பிள்ளையைக் கூப்பிடும்போது, எஸ்எம்எஸ்ஸோடு சேர்த்து அந்தப் பிள்ளையின் வீட்டு முகவரிக்கு ஓர் அஞ்சலட்டையும் போடுங்கள். அட்டை போய்ச் சேர அவகாசம் கொடுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் 'வரவில்லை' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் விதிப்படிதான் நடந்துகொண்டார்கள்; என் சண்டை விதியோடு.

பக்கத்துக் கிராமத்துப் பெண். அரசுப் பள்ளி, காமர்ஸ் குரூப், நல்ல மார்க். அப்பாவுக்குக் கேரளாவில் கட்டட வேலை. வீட்டில் இருப்பது ஒரே போன், அம்மாவுடையது, அதுவும் பட்டன் போன். ஓடிபி வர அது போதும் என்பதால் அந்த நம்பரைத்தான் விண்ணப்பத்தில் கொடுத்தாள். மின்னஞ்சல் முகவரி கேட்டது. அவளுக்கு இல்லை. கடையிலேயே ஒன்று தொடங்கி, பாஸ்வேர்டை விண்ணப்ப நகலின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தோம். எந்த ஊர்க் கடையிலும் இதுதான் நடக்கிறது. முதல் விருப்பம் பி.காம். என்று போட்டாள்.

தரவரிசைப் பட்டியல் வந்தது. பி.காம். கிடைக்கிற இடத்தில்தான் அவள் பெயர் இருந்தது. நாள் குறித்துக் கல்லூரியிலிருந்து எஸ்எம்எஸ்ஸும் போயிற்று. ஆனால் அம்மாவின் நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. 28 நாள் பேக் தீர்ந்தால் முதலில் நாம் பேச முடியாது. இன்னும் சில நாள் விட்டால் வருகிற மெசேஜும் நின்றுவிடும். கேரளாவில் மழை, கான்கிரீட் வேலை நின்றுவிட்டது, அப்பாவிடமிருந்து பணம் வரவில்லை, ரீசார்ஜ் தள்ளிப்போயிற்று. ஜூன் மாதம் கேரளாவில் மழை பெய்யும் என்பது யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. அந்த மழைக்கும் இந்தப் பெண்ணின் பி.காம். சீட்டுக்கும் முடிச்சுப் போட்டது யார் என்பதுதான் என் கேள்வி.

கூடப் படித்தவள் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. மறுநாள் அம்மாவும் பெண்ணும் ஓடினார்கள். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்களாம். எஸ்எம்எஸ் அனுப்பிய தேதி, நேரம், எல்லாம் அதில் இருந்தது. "நாங்க அனுப்பிட்டோம்மா." அந்த அம்மா இடுப்பிலிருந்து போனை எடுத்து, "பாருங்க சார், ஒண்ணும் வரல" என்று அவரும் காட்டியிருக்கிறார். இரண்டு பேர் காட்டியதும் உண்மைதான். சீட்டு மட்டும் அடுத்த பெயருக்குப் போய்விட்டது. அடுத்த கட்டக் கலந்தாய்வில் பி.ஏ. பொருளியல் கிடைத்துச் சேர்ந்திருக்கிறாள். பொருளியல் ஒன்றும் மட்டமான படிப்பு இல்லை. அவள் கேட்டது அதுவல்ல, அவள் மார்க்குக்கு வந்ததும் அதுவல்ல, அவ்வளவுதான்.

உங்கள் விண்ணப்பத்தில் எனக்குப் புரியாத ஒரு பகுதி உண்டு. கதவு எண், தெரு, கிராமம், வட்டம், மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண். ஒன்றை விட்டாலும் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. கதவு எண்ணே இல்லாத காலனி வீடுகளுக்கு நாங்கள் ஏதோ ஒரு எண்ணைத் தேடிப் போட வேண்டியிருக்கிறது. இவ்வளவு கறாராக வாங்கும் அந்த முகவரிக்கு, என் கடையில் விண்ணப்பித்த பிள்ளைகள் யாருக்கும் சேர்க்கை சம்பந்தமாக ஒரு துண்டுக் காகிதம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பிறகு எதற்கு ஐயா முகவரி?

அந்தக் காலம் பொற்காலம் என்று புலம்ப வரவில்லை. என் சித்தப்பா பி.யு.சி. காலத்து ஆள். பதினோரு வருஷப் பள்ளி, ஒரு வருஷம் புகுமுக வகுப்பு, பிறகு டிகிரி. பதினாறு வயதில் கல்லூரி வாசலில் போய் நின்றார்கள். தமிழில் படித்துவிட்டுப் போன பையனுக்கு முதல் நாளே இங்கிலீஷில் பாடம். பி.யு.சி.யில் கோட்டை விட்டுவிட்டு ஊர் திரும்பி வயலில் இறங்கியவர்கள் அன்றைக்கு எத்தனையோ பேர். 1978இல் பிளஸ் டூ வந்து அந்த ஒரு வருஷத்தைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோன பிறகுதான் அந்தக் கண்டம் நீங்கியது. பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் தெருவில் அந்தத் தலைமுறையில் ஒரு பெண்கூடக் கல்லூரிப் படி ஏறவில்லை.

நான் சேர்ந்தது 1993இல். விண்ணப்பம் வாங்க பஸ் ஏற வேண்டும், கொடுக்க மறுபடி பஸ் ஏற வேண்டும். ஜெராக்ஸில் கெசட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்து வேண்டும். எங்கள் ஊரில் அந்தத் தகுதியோடு இருந்தவர் கால்நடை மருத்துவர் ஒருவர்தான். மாட்டுக்கு ஊசி போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்கள் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவார். எம்.எல்.ஏ.யின் சிபாரிசுக் கடிதத்தோடு அலைந்தவர்களும் உண்டு. அந்தச் சிபாரிசுக்கெல்லாம் இன்றைக்குப் பெரிய வேலை இல்லை, தரவரிசை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அது இணையம் செய்த நல்ல காரியம். ஆனால் நேர்காணலுக்கு வரச்சொல்லி அன்றைக்கு வீட்டுக்கு ஒரு கார்டு வந்தது. தபால்காரர் அதை வீட்டில் கொடுப்பதற்குள் தெருவுக்கே படித்துச் சொல்லிவிட்டார். நான் காலேஜுக்குப் போவது எனக்கு முன்னால் டீக்கடைக்குத் தெரிந்துவிட்டது. அந்தரங்கம் போயிற்று, சீட்டு போகவில்லை.

2020இல் கொரோனா வந்தது. யாரும் வெளியே வர முடியாது, எனவே விண்ணப்பம் இணையத்துக்குப் போயிற்று. சரியான முடிவு. கொரோனா போன பிறகும் இணையவழி விண்ணப்பமே நிலைத்துவிட்டது, அதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழையதில் இருந்த ஒரே ஒரு நல்ல பழக்கத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்ததில்தான் ஆட்சேபம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்லமாட்டேன். அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய், பையன்களுக்கு 2024இலிருந்து. இவ்வளவு கொடுத்து உள்ளே அழைக்கிற அரசு, வாசலில் மட்டும் ஏன் இப்படி? பொறியியலுக்குப் போகிறவர்கள் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு என் கடைக்கு வருகிறார்கள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் மட்டும் போதாது. அப்பாவைப் பெற்றவர்கள், அம்மாவைப் பெற்றவர்கள் என்று மூன்று தலைமுறையில் யாரும் டிகிரி வாங்கவில்லை என்று காட்ட வேண்டும். ஆயுள் முழுக்கக் களை பறித்த பாட்டியின் கல்வித் தகுதி என்ன என்று கேட்கும்போது, அந்தப் பேரனின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முன்பு அண்ணா பல்கலைக்கழகத்துக் கலந்தாய்வுக்குக் குடும்பம் குடும்பமாக ரயிலேறிப் போவார்கள். 2018இலிருந்து அதுவும் திரைக்கு வந்துவிட்டது. அலைச்சல் மிச்சம், உண்மை. ஆனால் நேரில் போனவனுக்கு 'இந்தக் கவுன்ட்டரில் போய்க் கேள்' என்று சொல்ல ஒரு மனிதராவது இருந்தார். 'சர்வர் பிஸி' என்று வந்தால் அவன் யாரிடம் கேட்பான்? என்னிடம்தான் கேட்கிறான். எனக்கு என்ன தெரியும்?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். அட்டைக்கு வருகிறேன்.

உதவி மையம் வைத்திருக்கிறோமே என்பீர்கள். இருக்கிறது, விண்ணப்பம் போட உதவுகிறது. தன்னைக் கூப்பிட்டதே தெரியாதவளுக்கு அந்த மையம் எப்படி உதவும்? இணையதளத்தில் தேதி போடுகிறோமே என்பீர்கள். அதைத் தினமும் திறந்து பார்க்க வீட்டில் ஸ்மார்ட்போன் வேண்டும், அல்லது என் கடைக்குத் தினமும் வர பஸ் காசு வேண்டும். தபால் தாமதமாகும் என்பீர்கள். ஆகட்டுமே, பட்டியலுக்கும் கலந்தாய்வுக்கும் நடுவில் ஒரு வாரம் விடுங்கள். மூன்று வருஷப் படிப்புக்கு ஒரு வாரம் அதிகமா?

செலவு? ஓர் அஞ்சலட்டை இன்றைக்கும் ஐம்பது காசுதான். நீங்கள் வாங்குவது விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளிடம் அந்த 2 ரூபாய் மட்டும். அந்த 2 ரூபாய்க்கே நான்கு அட்டை வாங்கலாம். நான் நான்கு கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் சீட்டை மாற்றித் தாருங்கள் என்றும் கேட்கவில்லை. அவள் வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், புத்தகமும் வாங்கியாயிற்று. அடுத்த மே மாதம் சேர்க்கை வழிகாட்டு நெறிமுறைகளைத் தயாரிக்கும்போது, 'கலந்தாய்வு அழைப்பு அஞ்சலட்டையிலும் அனுப்பப்படும்' என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அட்டையில் இவ்வளவு எழுதினால் போதும்:

"உங்களுக்கு இந்தக் கல்லூரியில் இந்தப் பாடப்பிரிவுக்கு இந்தத் தேதியில் கலந்தாய்வு. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் அசலுடன் பெற்றோரோடு வரவும்."

எழுத ஆள் இல்லை, பேனாவில் மை இல்லை என்று எந்தக் கல்லூரியாவது சொன்னால், எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளின் அட்டைகளை என் கடையிலேயே கையால் எழுதித் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஒருவன்