கோச்சியை வைத்துக்கொண்டு ரோலர் கோஸ்டருக்கு விலை பேசுவோருக்கு

நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் உள்ளூராட்சி மன்றங்களுக்குக் 2025 மே மாதத் தேர்தலில் தெரிவாகியுள்ள உறுப்பினர்களுக்கும், மலையகத்தின் சுற்றுலாத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் மலைநாட்டுக் கோச்சிப் பாதையின், அதாவது புகையிரதப் பாதையின், சிறிய நிலையங்களில் முப்பத்தொரு ஆண்டுகள் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். இப்போது அப்புத்தளைக்கு அண்மையில் வீட்டின் இரண்டு அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கு விட்டு, அந்த வருமானத்தில் வாழ்கிறேன். ஆகவே சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்ல வந்தவனாக என்னை எண்ணிவிட வேண்டாம். அண்மையில் எங்கள் பகுதியில் நடந்த கலந்துரையாடல் ஒன்றில், பயணிகள் இன்னும் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க வேண்டுமானால் மலைச்சரிவொன்றில் ரோலர் கோஸ்டருடன் கூடிய பொழுதுபோக்குப் பூங்கா அமைய வேண்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். மண்டபமே கைதட்டியது. எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. ஏன் என்று அங்கே சொல்ல நேரமும் கிடைக்கவில்லை.

ரோலர் கோஸ்டரை அறியாமல் நான் பேசவில்லை. 2018ஆம் ஆண்டுக் கோடையில் டொரொன்டோவில் இருக்கும் என் அக்காள் மகள், தன் வீட்டாரோடு என்னையும் அருகிலுள்ள கனடாஸ் வொண்டர்லேண்ட் பூங்காவுக்கு அழைத்துச் சென்றாள். அந்தப் பூங்காவின் நடுவில் ஒரு மலை நிற்கிறது. அது மனிதர் கட்டிய மலை. அதிலிருந்து ஓர் அருவியும் விழுகிறது. 263 மீற்றர் உயரத்திலிருந்து பம்பரகந்த அருவி விழும் பிரதேசத்தில் பிறந்த நான், பதினான்கு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் போய், நுழைவுச்சீட்டும் வாங்கி, அந்த அருவியின் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டேன். அந்தப் படம் இன்றும் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது; பார்ப்பவர்கள் அது எந்தத் தோட்டம் என்று கேட்கிறார்கள்.

அங்கே லெவயதன் என்ற கோஸ்டரில் ஏறினேன். 2012இல் திறக்கப்பட்ட அதன் உயரம் 93 மீற்றர். வேகம் மணிக்கு 148 கிலோமீற்றர். வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். ஓட்டம் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. விழுந்த கணம் எப்படி இருந்தது என்று இன்று கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. நினைவில் நிற்பதெல்லாம் ஏறிய நேரம்தான்: சங்கிலி எங்களை மெதுவாக மேலே இழுக்க, பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள், தூரத்து வீதியில் கார்கள் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கின, என் கை தானாகவே முன்னால் இருந்த கம்பியைத் தேடிப் பிடித்தது. இறங்கிய பிறகு, “அம்மாடி, எவ்வளவு உயரம்!” என்று நான் வியந்தபோது, அக்காள் மகளின் பதினாறு வயது மகன் சிரித்துவிட்டு, “உயரம் என்ன பெரிசு தாத்தா? சீட்ட விட்டு உடம்பு எத்தன தரம் எழும்புது, அதத்தான் பார்க்கணும்” என்றான். கோஸ்டர்களை ஒப்பிடுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இப்படித்தான் மதிப்பிடுகிறார்கள் என்று அவன்தான் எனக்கு விளங்கப்படுத்தினான். பெரும்பாலான கோஸ்டர்களில் சங்கிலி வண்டியை ஒரு முறைதான் உயர்த்துகிறது. அதற்குப் பிறகு புவியீர்ப்பே இழுத்துச் செல்வதால், அடுத்து வரும் எந்த மேடும் முதல் மேட்டின் உயரத்தை எட்ட முடியாது. ஆகவே கையில் கிடைத்த அந்த ஓர் உயரத்தை எந்த ஒழுங்கில் செலவிடுவது என்பதில்தான் வடிவமைப்பாளரின் கெட்டித்தனம் இருக்கிறது.

உயரத்தை மட்டும் நம்பியவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் 2005இல் திறக்கப்பட்ட கிங்டா கா, 139 மீற்றர் உயரத்துடன் உலகிலேயே உயர்ந்த கோஸ்டராக இருந்தது. 2024இல் அதை மூடினார்கள். 2025 பெப்ரவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இருபது வருடங்கூட நிற்கவில்லை. நியூயோர்க்கின் கோனி தீவில் 1927இல் திறக்கப்பட்ட மரத் தண்டவாளக் கோஸ்டரான சைக்ளோன் வெறும் 26 மீற்றர்தான். அதில் ஏறுவதற்கு இன்றும் சனம் வரிசையில் நிற்கிறது. மலை ரயில்களின் கதையும் இதற்கு வெகுதூரமில்லை. தமிழ்நாட்டின் நீலகிரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பற்சக்கரத்தின் துணையோடு ஏறும் ரயில், 46 கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கிறது. பேருந்தில் போனால் அதைவிட மிக விரைவாகச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் உலகின் எந்த மூலையிலிருந்தோ வருபவர்கள் அந்த மெதுவான ரயிலுக்குத்தான் சீட்டுத் தேடுகிறார்கள். 2005இல் யுனெஸ்கோவும் அதை உலக மரபுரிமையில் சேர்த்துக்கொண்டது.

இந்த மடலை எழுதத் தூண்டிய செய்தி ஒன்று உண்டு. ரோலர் கோஸ்டரின் முன்னோடிகளில் ஒன்று மலையில் சரக்கு ஏற்றி இறக்கிய ஒரு பாதை. பென்சில்வேனியாவின் மௌக் சங்க் என்னும் ஊரில் 1827இல், நிலக்கரியைச் சுரங்கத்திலிருந்து ஆற்றங்கரைக்கு இறக்குவதற்காக அதைப் போட்டார்கள். நிரப்பிய வண்டிகள் சரிவில் தாமாகவே ஓடி இறங்கின. வெறும் வண்டிகளை மேலே இழுத்துச் செல்லும் கோவேறு கழுதைகளும் இறங்கும்போது தமக்கென இருந்த வண்டியில் ஏறிச் சவாரி செய்தன. பிற்பாடு நிலக்கரிக்கு வேறு வழி பிறக்க, அதே பாதையில் காசு கொடுத்து மனிதர்கள் ஏறினார்கள். அதைக் கண்டு பழகிய காலத்தில்தான் 1884இல் தொம்சன் என்பவர் கோனி தீவில், ஒருவருக்கு ஐந்து சதம் வீதம், மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவு வேகத்தில் ஓடும் தன் முதல் கோஸ்டரை விட்டார்.

நம்முடைய பாதையும் சரக்குக்காகவே போடப்பட்டது. கோப்பியை நம்பி 1867இல் கண்டியை எட்டிய பாதை, 1885இல் நானுஓயாவுக்கும் 1893இல் அப்புத்தளைக்கும் வந்து, 1924இல் பதுளையில் முடிந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்கிய அதே தண்டவாளத்தில் இன்று உலகம் ஏறி வருகிறது. அசல் நம் வாசலில் கிடக்க, நகலுக்கு முதல் போடச் சொல்கிறார்கள்.

அந்த அசலின் உச்சி பட்டிப்பொல. ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்த நிலையம்வரை, நாற்பத்து நான்குக்கு ஒன்று என்ற கடும் ஏற்றங்களில் இயந்திரம் முக்கி முனகி வருவதை நான் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். ஜூலை மாதத்தில் அங்கே எதிரே நிற்பவர் முகம் தெரியாது. ஒற்றைப் பாதையில் மேலே செல்ல அனுமதி அடையாளமான டெப்லட் வளையத்தைச் சாரதியிடம் நீட்டும்போது என் கை மட்டும் பனிமூட்டத்துக்குள் போய்த் திரும்பும். பெட்டிக்குள்ளே ஜன்னலை மூடிக்கொண்டு எல்லோரும் போர்வைக்குள் சுருண்டிருப்பார்கள். வடைக்காரர் மட்டும் நடந்துகொண்டிருப்பார். அவர் வடை சுற்றித் தரும் தாள் ஏதோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பியிலிருந்து கிழித்தது. என் வீட்டில் தங்கிய ஜேர்மன் பெண்ணொருத்தி, சிவப்பு மையில் ‘பிழை’ என்று எழுதிய அப்படிப்பட்ட தாளொன்றை எண்ணெய்க் கறையோடு மடித்துப் பையில் வைத்திருந்தாள். பிறகு சுரங்கம் வரும். இருட்டில் யாராவது ஒரு பையன் கூக்குரல் எழுப்புவான். மறுபக்கம் வெளியே வந்தால் ஊவா மாகாணம்: வெயில், காய்ந்த காற்று, கீழே பள்ளத்தாக்கு. இந்தக் கணத்தில் பயணிகள் வாயடைத்துப் போவதைத்தான் நான் முப்பத்தொரு ஆண்டுகள் பார்த்தேன். அங்கிருந்து பதுளைவரை பாதை ஏறத்தாழ 1,200 மீற்றர் இறங்குகிறது. லெவயதனைப் போல் பன்னிரண்டு பதின்மூன்று மடங்கு. இடையில் தெமோதரையில், தான் சற்றுமுன் நின்ற நிலையத்துக்கு அடியாலேயே கோச்சி நுழைந்து போகிறது.

ஆனாலும் ஒப்பீடு ஓரிடத்தில் முறிகிறது, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். பூங்காவுக்குள் யாரும் குடியிருப்பதில்லை. இரவானதும் கதவைப் பூட்டிவிட்டு வேலையாட்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஊருக்கு அப்படிப் பூட்டு இல்லை. சில வருடங்களுக்கு முன் ஏப்ரல் வசந்தகாலத்தில், மூச்சுத்திணறலோடு இருந்த என் மாமியாரை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குள் நுழைந்தோம். வாவிக்கரை வீதியில் வாகனங்கள் அசையவே இல்லை. ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்றோம். பக்கத்துக் காரில் இருந்த குடும்பம் எங்களுக்குச் சோளம் நீட்டியது. நல்ல மனிதர்கள்தான், எங்கள் வான் என்ன காரியமாகப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. கோச்சியிலும் இதே கதைதான். முன்பதிவு செய்த பெட்டிகள் பயணிகளால் நிறைந்திருக்க, பதுளைக்குக் கிளினிக் போகும் தோட்டத்துப் பெண்கள் மலசலகூடத்துக்குப் பக்கத்தில் நின்றபடி வருகிறார்கள். கோஸ்டரில் கம்பி உடம்பை அழுத்திப் பூட்டுகிறது. இங்கே கதவில் தொங்கிப் படமெடுத்து உயிரை விட்டவர்களும் உண்டு.

சரிவை வெட்டிக் கனத்த இரும்புத் தூண்களை நடச் சொல்பவர்களுக்கு, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்கடியில் போனதை நினைவூட்ட வேண்டிய நிலை வந்திருப்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வரும்போதெல்லாம் இரவில் விழித்திருப்பவர்கள் நாங்கள்.

அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. ஒஹிய, இதல்கஸ்ஹின்ன போன்ற நிலையங்களில் தண்ணீர் வரும் மலசலகூடம் வேண்டும். பருவகாலத்தில் ஊர்ச்சனத்துக்கென்று முன்பதிவில்லாத பெட்டிகள் கூடுதலாக வேண்டும். அது உங்கள் அதிகாரத்துக்கு வெளியே என்றால், கேட்டு வாங்கும் குரலாவது உங்களுடையதாக இருக்கட்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது காணி உறுதி. எனக்கு இரண்டு அறை கட்டக் கடன் கிடைத்தது, ஏனென்றால் நிலம் என் பெயரில் இருக்கிறது. எதிர்மலையில் என்னைவிட அழகான காட்சியைப் பார்த்தபடி லயத்தில் வாழும் குடும்பத்துக்கு, பரம்பரை பரம்பரையாக அங்கேயே இருந்தும், வங்கியில் காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை. அவர்கள் வீட்டு முற்றத்தைப் படம்பிடித்துப் போகிறவர்கள் ஒரு தேநீருக்கான காசைக்கூட அங்கே விட்டுப் போக வழியில்லாமல் இருக்கிறது.

தீர்மானம் எடுக்கும் முன்னர் உங்களில் சிலராவது ஒரு நாள் காலை நானுஓயாவில் ஏறுங்கள். முன்பதிவுப் பெட்டி வேண்டாம். மூன்றாம் வகுப்பில், இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே, சுரங்கம் தாண்டும்வரை வாருங்கள். அப்புத்தளை மேடையில் நான் காத்திருப்பேன். தேநீர் என் வீட்டில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர் ஒருவர்,
அப்புத்தளை.
2025 ஜூலை