கேரளாவில் ஆலப்புழை பக்கம் புறக்காட்டில் நின்றுபோன மோட்டார் சைக்கிளுக்கு வாரன்டி மறுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்: பல்லடத்தில் விசைத்தறிக்கூடம் நடத்தும் உங்கள் வாடிக்கையாளர்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைமை அதிகாரி அவர்கள்

ஐயா,

வணக்கம். உங்கள் கோவை சர்வீஸ் சென்டர் வாசலில் இனியும் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. போன் செய்தால், "புகார் பதிவாகிவிட்டது, 48 மணி நேரத்தில் அழைப்பார்கள்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. ஒருவரும் அழைத்ததில்லை. ஒவ்வொரு முறையும் தறியை நிறுத்திவிட்டுத்தான் கோவைக்கு வருகிறேன். கூலிக்கு நெய்கிறவனுக்குத் தறி நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. அதனால் இதை எழுத்தில் தருகிறேன், பதிலும் எழுத்தில் வேண்டும்.

உங்கள் 400 சிசி வண்டியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேட்டரிக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் ரெக்டிஃபையர் எந்த இடத்தில் இருக்கிறது, அங்கே காற்றுப் படாவிட்டால் என்ன ஆகும் என்பது வண்டியைச் செய்த உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

பொங்கல் விடுமுறையில் தனியாகக் கிளம்பினேன். வாளையார், பாலக்காடு, திருச்சூர் வழியாகப் போய்ச் சாவக்காட்டில் கடற்கரையைப் பிடித்து, அங்கிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே போவதாகத் திட்டம். அந்தக் கரையில் ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவது கண்ணுக்குத் தெரியாது. வீடு, மீன் கடை, மசூதி, தேவாலயம், பள்ளிக்கூடம், மறுபடியும் வீடு. நம் பக்கம் போல நடுவே சோளக்காடோ வெட்டவெளியோ வராது. தென்னைகளின் இடுக்கில் கடல் ஒரு கணம் தெரியும், அடுத்த மதில்சுவர் வந்து மறைத்துவிடும். போதாக்குறைக்கு, தேசிய நெடுஞ்சாலை 66-ஐ ஆறு வழிச்சாலையாக்கும் வேலை நடக்கிறது. முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம். ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் ஓடுகிறது. ஹெட்லைட்டை அணைக்கவும் வழியில்லை, 2017 ஏப்ரலிலிருந்து சட்டமே அப்படி. என்ஜின் மெதுவாகச் சுற்றினால் மின்சாரம் குறைவாக வரும், மின்சாரச் செலவு மட்டும் குறையாது. இப்படிப்பட்ட சாலையைத் தாங்காத வண்டியை எந்த நாட்டுச் சாலைக்காக இங்கே விற்கிறீர்கள்?

அம்பலப்புழையைத் தாண்டி, தோட்டப்பள்ளி மதகுப் பாலத்துக்கு முன்னால், புறக்காட்டில் மீட்டர் மங்கியது. ஏபிஎஸ் பிரேக்கின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. என்ஜின் அணைந்தது. வண்டிக்குக் கிக்கர் கிடையாது. பேட்டரி செத்துவிட்டால் என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பும் ஓடாது என்பதால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது.

உங்கள் சாலையோர உதவி எண்ணை அழைத்தேன். "நிற்பது ஊருக்குள்ளா, நெடுஞ்சாலையிலா?" என்று கேட்டார்கள். நெடுஞ்சாலைதான், இரண்டு பக்கமும் வீடுகள் இருக்கின்றன என்றேன். "அப்படியானால் அது ஊர்தான், பக்கத்திலேயே மெக்கானிக்கைப் பாருங்கள். ஆளில்லாத இடத்தில் நின்றால்தான் வண்டி அனுப்புவோம்" என்று வைத்துவிட்டார்கள். ஐயா, அந்தக் கரையில் ஆளில்லாத இடத்துக்கு நான் எங்கே போவது? நீங்கள் கொடுத்த உதவித் திட்டப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். அப்படி ஒரு நிபந்தனை அதில் இல்லை.

என்னைக் காப்பாற்றியவர் படகு என்ஜின் பழுது பார்க்கும் ஒருவர். வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து என்ஜினை ஓடவிட்டு, வயரை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தார். 14 வோல்ட் அளவில் காட்ட வேண்டிய இடத்தில் 11.8 காட்டியது. ரெக்டிஃபையருக்குப் போகும் மூன்று மஞ்சள் வயர்களின் பிளக்கைப் பிரித்தார். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின் அதோடு உருகி ஒட்டியிருந்தது. உப்பு அரித்திருந்தால் செம்பில் பச்சை பூத்திருக்கும், இது சூட்டில் உருகியது என்று அவர் காட்டினார். வாழ்நாள் முழுவதும் உப்புக்காற்றில் வேலை செய்கிறவர் அவர். படங்களை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து பெரிதாக்கிப் பாருங்கள்.

இனி உங்கள் கோவை சர்வீஸ் ஆலோசகரைப் பற்றி. சீட்டைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், "கடல் பக்கம் ஓட்டினால் உப்புக்காற்று அரிக்கத்தான் செய்யும், வாரன்டி வராது" என்றார். படத்தைக் காட்டினேன். "மீட்டர் வைத்தவனிடமே போய்ச் சரி செய்துகொள், இங்கே வந்து எங்கள் உயிரை வாங்காதே" என்றார். என் மகன் வயதுக்காரர், அத்தனை பேர் முன்னால் என்னை ஒருமையில் பேசினார். கொங்கு நாட்டில் கடைக்கு வரும் சின்னப் பையனைக்கூட "வாங்க, சொல்லுங்க" என்றுதான் கேட்போம். இரண்டரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வண்டி வாங்கியவனுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா? கடல் பக்கம் ஓட்டக்கூடாது என்றால், உங்கள் விளம்பரக் கையேட்டின் அட்டையில் இந்த வண்டி ஏன் ஈர மணலில் அலையை ஒட்டி நிற்கிறது? அதைக் கேட்டதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இதை நான் மறக்கப் போவதில்லை.

ஆலப்புழையில் உள்ள உங்கள் சென்டரில் அந்தப் பாகம் இருப்பில் இல்லை என்பதை மேலே சொல்ல விட்டுவிட்டேன். அங்கே கொண்டுபோன டெம்போ வாடகையும் என்னுடையது. கேரளாவில் முட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய நாமக்கல் லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு ஊர் வந்தேன். அந்த டிரைவர் அண்ணனுக்கு இருந்த இரக்கம் உங்கள் நிறுவனத்தில் ஒருவருக்கும் இல்லை. இந்த ஒரு பயணத்துக்காகவே கடன் வாங்கி உங்கள் வண்டியை எடுத்தேன். தறியை விட்டுவிட்டு இப்படிக் கிளம்ப இனி இந்த ஆயுளில் எனக்கு வாய்க்காது. இதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது. ஆனாலும் தறி நின்ற நஷ்டத்தையும் மன உளைச்சலையும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் கேட்கிறேன், அது குறைவுதான்.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்குப் பகை இல்லை. ரெக்டிஃபையரையும் அந்த வயரிங்கையும் வாரன்டியில் மாற்றிக் கொடுங்கள். டெம்போ, லாரி செலவைத் திருப்பித் தாருங்கள். ஆலோசகர் கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதமும் வேண்டும். பணிவாகவே கேட்கிறேன்.

பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. நீங்கள்தான் திருப்பூருக்கு வர வேண்டியிருக்கும்.

என் செல்போன் எண் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. பாகத்தைப் பற்றித் தெரிந்த ஓர் எஞ்சினியரைப் பேசச் சொல்லுங்கள். அந்த ஆலோசகர் மட்டும் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பல்லடம் வாடிக்கையாளர்