பெரியப்பா அடக்கத்துல நான் பேசுனது பத்தி

மக்கா,

போன்ல நீ கேட்டப்போ பக்கத்துல பெரியம்மா இருந்தா, அதான் எதுவும் சொல்லல. நம்மள கோர்ட்டுக்கு இழுத்த மனுஷன், 11 வருஷமா பேச்சுவார்த்தை இல்ல, அவர் அடக்கத்துல எந்திரிச்சு நின்னு எப்படிப்பா அவ்வளவு நல்லதா பேசுனீங்கன்னு கேட்டல்ல.

பைபிள்ல 2 சாமுவேல் முதலாம் அதிகாரம் எடு, 19ல இருந்து 27 வரைக்கும் வாசி, சின்னப் பாட்டுதான். இஸ்ரவேல் ராஜா சவுலும், அவர் மகனும் தாவீதோட உயிர் சிநேகிதனுமான யோனத்தானும் கில்போவா மலையில பெலிஸ்தரோட சண்டையில செத்தப்போ தாவீது பாடுன புலம்பல், "பராக்கிரமசாலிகள் விழுந்துபோனார்கள்"னு மூணு தடவ வரும். சண்டே ஸ்கூல்ல தாவீது கோலியாத்தக் கொன்ன கதையோட நிறுத்திருவாங்க, இது வரைக்கும் யாரும் வர்றதில்ல.

சவுல் சும்மா ஆளா? தாவீது மேல ஈட்டி எறிஞ்சவன், 3000 பேரக் கூட்டிக்கிட்டு காடு மலையெல்லாம் தேடி அலைஞ்சவன். அந்தப் பகை எங்க ஆரம்பிச்சுது தெரியுமா, ஒரு பாட்டுல. சவுல் கொன்னது ஆயிரம், தாவீது கொன்னது பதினாயிரம்னு பொம்பளைங்க மேளம் அடிச்சு ஆடிப் பாடுனாங்க பாரு, அன்னைக்குப் பிடிச்ச வயித்தெரிச்சல். இப்போ சவுல் செத்ததும் அதே இஸ்ரவேல் பொம்பளைங்களப் பாத்துதான் தாவீது, அவருக்காக அழுங்க, உங்களுக்கு சிவப்புத் துணியும் பொன் நகையும் போட்டு அழகு பாத்தவர் அவர்தானேன்னு பாடுறான். எனக்கு அந்த இடத்துல எப்பவும் தொண்டை அடைக்கும்.

காத் ஊர்ல சொல்லாதீங்க, அஸ்கலோன் தெருவுல பேசாதீங்கங்கிறான் பாரு, ரெண்டும் எதிரி பெலிஸ்தரோட ஊரு, அது வெறும் அலங்காரம் இல்ல மக்கா, சவுலுக்குப் பயந்து பெலிஸ்தர் தேசத்துல ஒரு வருஷமும் நாலு மாசமும் இருந்தவன், காத் ராஜாகிட்டயே அடைக்கலம், அந்தத் தெருவுல வெற்றிச் சேதி வந்தா எப்படிக் கூத்தாடுவாங்கன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். நம்ம வீட்டு சண்டைய அடுத்த வீட்டுக்காரன் ரசிக்கக்கூடாதுன்னு ஒரு ரோஷம்.

கில்போவா மலை மேல பனியும் மழையும் பெய்யாம போகட்டும்னு மலையத் திட்டுறான், எண்ணெய் பூசாம கிடக்குற சவுலோட கேடகத்தப் பாத்து அழுறான். சாவு வீட்டுல செத்தவரோட செருப்பப் பாத்தா திரும்ப அழுகை வருமே, அது மாதிரி. இன்னொண்ணு கவனி, அந்தப் பாட்டு முழுக்கத் தேடிப் பாரு, கடவுள் பேரே இல்ல. பரலோகத்துல பாப்போம்ங்கிற ஆறுதல் கூட இல்ல, வெறும் துக்கம்.

அப்பனும் மகனும் மரணத்திலயும் பிரியலன்னு வரும். யோனத்தான் மேலயும் சவுல் ஈட்டி எறிஞ்சிருக்கான், தாவீதுக்குப் பரிஞ்சு பேசுனதுக்காக. அதுக்கப்புறமும் அவன் அப்பன விட்டுப் போகல, கில்போவாவுல கூடவே செத்தான். அப்போ தாவீது சொன்னதுல பொய் எங்க இருக்கு? ஈட்டிய மட்டும் சொல்லாம விட்டுட்டான், அவ்வளவுதான்.

கடைசிக்குக் கிட்டத்துல போனதும்தான் குரல் மாறும், "என் சகோதரனாகிய யோனத்தானே"ன்னு. அது வரைக்கும் ஊருக்காக அழுதவன் அங்கதான் தனக்காக அழுறான்.

நான் அன்னைக்கு என்ன பேசுனேன்? எனக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக் குடுத்தது அண்ணன், பீஸ் கட்டப் பணம் இல்லாதப்போ தன் வாட்ச்ச வித்தது அண்ணன். ரெண்டும் நடந்தது. கேஸப் பத்தி பேசல, கேட்டுக்கிட்டு இருந்த பாதிப் பேருக்கு அதுதான் வேணும்னு எனக்குத் தெரியும்.

பெரியம்மாக்கு ஒரு போன் போடு. ராத்திரி எட்டு மணிக்கு மேல வேண்டாம், மாத்திர போட்டுத் தூங்கிருவா.

அப்பா